வரைபடம் நிரப்பிய பள்ளம்

நெடுவாய் ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன்பு இரண்டாகப் பிரிகிறது. அவ்விடத்தில், கைவிடப்பட்ட பழைய பயணியர் விடுதி ஒன்றில், வெள்ள வரைபடம் வரையக் கற்பிக்கும் கூடம் ஒன்று நடந்துவந்தது. எந்த மழைக்கு எந்த ஊர் மூழ்கும் என்பதை முன்கூட்டியே வரைந்து தருவது அக்கூடத்தின் பணி. அதன் ஆசிரியர் மங்களநாயகி.

அவரிடம் பயின்றவர்களுள் தணிகாசலம் என்பவர் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையால் போட்ட கோடு ஒருபோதும் நடுங்கியதில்லை என்று உடன் பயின்றோர் சொல்வதுண்டு.

அவ்வாண்டு மழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, சாலைகளில் சேறு காயத் தொடங்கியிருந்தது. ஒரு காலைப்பொழுதில் தணிகாசலம் ஆசிரியர்முன் தம்முடைய வரைபடத்தை விரித்தார்.

"அம்மா, இதில் பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்."

"நீங்கள் தேடினீர்களா?"

"வெள்ளம் வடிந்த நாளிலிருந்து தேடுகிறேன். அகப்படவில்லை."

ஆசிரியர் வரைபடத்தைப் பார்த்தார். நீர் புகும் இடங்கள் நீலமாக இருந்தன. நீர் புகாத இடங்களும் கணுக்காலளவே நீர் படரும் இடங்களும் வெள்ளையாக விடப்பட்டிருந்தன. மலையடிவாரத்திலிருந்து கடற்கரைவரை ஓடைகள் ஓரிடத்திலும் அறுபடாமல் ஓடின. அழகான வேலை.

"அகப்படவில்லை என்றால் இல்லை என்று விட்டுவிடலாமே. ஏன் தேடுகிறீர்கள்?"

தணிகாசலம் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது சூளைக்காடு. செங்கல் சூளைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் இடம். இதில் வெள்ளையாக இருக்கிறது. அங்கே வெள்ளம் புகுந்துவிட்டது. ஒருவர் இறந்துவிட்டார்."

ஆசிரியர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செயற்கைக்கோள் தந்த நில உயரங்களைச் சரிபார்த்தீர்களா?"

"சரிபார்த்தேன். பிழையில்லை."

"மழைக் கணக்கு?"

"அதிலும் பிழையில்லை."

"ஆற்றின் கரைகள்?"

"ஒவ்வொரு வளைவிலும் சரிபார்த்தேன்."

"பள்ளங்கள்?"

"எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், அம்மா. ஒன்றுகூட மிச்சமில்லை."



அப்போது தேநீர்க் கோப்பைகளுடன் ரெஜினா உள்ளே வந்தார். அவரும் அங்குப் பயில்பவரே.

"அண்ணன் நிரப்பினால் குண்டூசி குத்திய பள்ளம்கூடத் தப்பாது" என்றார் ரெஜினா. "என்னுடைய வரைபடத்தில்தான் ஓடை பாதியில் நின்று விழிக்கிறது."

இருவரின் முகங்களையும் பார்த்ததும் ரெஜினா கோப்பைகளை வைத்துவிட்டு ஓசையின்றி வெளியே சென்றார்.

பள்ளங்களை நிரப்புதல் இத்தொழிலில் எல்லோரும் செய்வது. வானிலிருந்து அளந்த நில உயரங்கள் கட்டங்கட்டமாக வந்துசேரும். அவற்றுள் சில கட்டங்கள், அளவைப் பிழையால், அண்டைக் கட்டங்களைவிடத் தாழ்ந்து பொய்யான பள்ளங்களாகத் தோன்றும். ஆகவே, கணக்கைத் தொடங்குமுன் பள்ளங்கள் அனைத்தையும் அவற்றின் விளிம்புவரை உயர்த்திவிடுவார்கள். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

முதல் வகுப்பிலேயே மங்களநாயகி இதைக் கற்பித்துவிடுவார். "கணக்கில் ஓடும் நீருக்கு அறிவு கிடையாது. ஒரு பள்ளத்தைக் கண்டால் எருமையைப்போல் அதிலேயே படுத்துக்கொள்ளும். அதை எழுப்பிக் கடல்வரை ஓட்டிச்செல்ல வேண்டுமானால் பள்ளத்தை முதலில் நிரப்புங்கள்" என்பார். வகுப்பு சிரிக்கும். யாரும் அதை மறப்பதில்லை.

"அது நீங்கள் கற்பித்ததுதானே, அம்மா?" என்றார் தணிகாசலம்.

"ஆம். நான் கற்பித்ததுதான்."

ஆசிரியர் எழுந்தார். மூலையில் சாத்தியிருந்த அளவுகோலை எடுத்தார். ஒன்றனுள் ஒன்று அடங்கி, இழுத்தால் நீளும் கோல் அது. கூடத்தில் அதை யாரும் எடுத்து நெடுநாள் ஆகியிருந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"புறப்படுங்கள். சூளைக்காட்டுக்குப் போவோம். முன்பு அங்கே போயிருக்கிறீர்களா?"

"இல்லை, அம்மா."

"நானும் போனதில்லை" என்றார் ஆசிரியர்.

இருவரும் கரைவழியே நடந்தார்கள். கருவேல மரங்களின் உச்சிக் கிளைகளில் வைக்கோலும் கிழிந்த சேலைகளும் தொங்கின. சிறிது தூரம் சென்றதும் தணிகாசலம் பேசினார்.

"அம்மா, முறையில் பிழையில்லையே?"

"இல்லை."

"உலகம் முழுவதும் இப்படித்தானே செய்கிறார்கள்?"

"இப்படித்தான் செய்கிறார்கள்."

"வானிலிருந்து வந்த உயரங்களிலும் பிழையில்லை."

"நீங்கள்தான் சரிபார்த்தீர்களே."

"அப்படியானால் அந்த மனிதர்?"

"அவரிடமும் பிழையில்லை" என்றார் ஆசிரியர்.



சூளைக்காடு தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சமவெளியாகத் தெரிந்தது. அருகில் சென்றபோது தரை சட்டென்று முடிந்தது. பல ஆண்டுகளாகச் செங்கல்லுக்கு மண் வெட்டியெடுத்த பெரும்பள்ளம் கீழே கிடந்தது. சூளைக்காரர் எந்திரம் வைத்து நீரை இறைத்திருந்தார். ஆயினும் அடியில் குளங்குளமாக நீர் தேங்கியிருந்தது. அந்தச் சேற்றிடையே வீடுகளின் எஞ்சிய சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. சூடு படாத பச்சைக்கற்களால் கட்டிய வீடுகள் அவை. மற்றவை கரைந்து மீண்டும் மண்ணாகியிருந்தன.

பள்ளத்தின் விளிம்பில் தார்ப்பாய்கள் கட்டி மக்கள் தங்கியிருந்தார்கள். ஒரு தார்ப்பாயின் முன்னால் ஆடு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதனருகில் முறத்தோடு அமர்ந்திருந்த பெண் தலைநிமிர்ந்தாள்.

"யாரும்மா நீங்க? கணக்கெடுக்க வந்தீங்களா?"

"இல்லையம்மா. நாங்கள் வெள்ள வரைபடம் வரைகிறவர்கள்" என்றார் ஆசிரியர்.

"இன்னொரு படமா? போன படத்துக்கே இன்னும் அழுது முடியல."

பக்கத்துத் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. "நல்லா வரையச் சொல்லுடி பூங்காவனம்! இந்த வாட்டியாவது நம்ம மூஞ்சி அதுல தெரியட்டும்!"

"நீ சும்மா இரு பெரியம்மா" என்றாள் பூங்காவனம். பிறகு அளவுகோலைப் பார்த்து அவள் முகம் மாறியது. "எங்கள இங்கேருந்தும் கெளப்பப் போறீங்களா?"

"இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார் தணிகாசலம்.

பூங்காவனம் முறத்தைக் கீழே வைத்தாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்."

தணிகாசலம் ஓரடி பின்வாங்கினார்.

"இந்தக் கொரலுதான். அன்னிக்குச் சாயங்காலம் போன்ல பேசினது நீங்கதானே?"

ஆசிரியர் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். வெள்ளம் வருமுன் கூடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு தொலைபேசியுடன் அமர்ந்து, வரைபடத்தைப் பார்த்து, அழைத்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது அவருக்குத் தெரியும். யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பது தெரியாது.

"நான்தான்" என்றார் தணிகாசலம்.

"அவளிடம் என்ன கேட்டீர்கள்?" என்றார் ஆசிரியர்.

"எந்த இடம் என்று கேட்டேன். சூளைக்காட்டுப் பள்ளத்தில் இருக்கிறோம் என்றாள்."

"பள்ளம் என்று சொன்னாளா?"

"சொன்னாள், அம்மா. நான் வரைபடத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது."

பூங்காவனம் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அவரு அப்பவே தார்ப்பாயச் சுருட்டி வெச்சிட்டாரு. மேல ஏறிடலாம்னுதான் சொன்னாரு. ஒரு வார்த்த கேட்டுப் பாப்போம்னு நான்தான் போன் போட்டேன். 'உங்க இடத்துக்குத் தண்ணி வராதும்மா, பயப்படாதீங்க, புள்ளைங்களோட நிம்மதியாத் தூங்குங்க'ன்னு சார் சொன்னாரு. எங்ககிட்ட அப்படித் தன்மையா யாரும் பேசினதில்ல. அதையே அவருகிட்டச் சொன்னேன். 'படிச்சவரு படத்தப் பாத்துத்தான் சொல்லியிருப்பாரு'ன்னு, சுருட்டின தார்ப்பாயப் பிரிச்சிப் போட்டுப் படுத்துட்டாரு."

"பிறகு?" என்றார் ஆசிரியர்.

"விடியக்காலையில கணுக்கால் அளவு தண்ணிதான் விளிம்பு மேல வழிஞ்சி உள்ள எறங்கிடுச்சி. என்னையும் புள்ளைங்களையும் மேல ஏத்தி விட்டாரு. கட்டிப் போட்டிருந்த ஆட்ட அவுக்கத் திரும்பப் போனாரு. ஆடு வந்திடுச்சி. அவரு வரல."

ஆடு அவள் கையிலிருந்து எதையோ தின்ன முயன்றது. அவள் அதன் மூக்கை மெல்லத் தள்ளினாள்.

"அவர் பெயர் என்ன?" என்றார் தணிகாசலம்.  

"கன்னியப்பன்."

 பூங்காவனம்தான் மீண்டும் தொடங்கினாள்.

"தாலுகா ஆபீஸ்ல போய் மேட்டுல எடம் கேட்டோம் சார். படத்துல நீலமா இருக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம். நாங்க வெள்ளையில இருக்கோமாம். எங்களுக்கு வெள்ளமே வரலையாம். சூளைக்காரரு அடுத்த மாசம் தொழில் தொடங்கணும், கீழ எறங்குங்கன்றாரு. மறுபடியும் அதுக்குள்ள புள்ளைங்களப் படுக்க வெக்கணுமே சார். எங்க எடத்த நீலமாக்கித் தருவீங்களா?"

"இன்றைக்கே ஆக்கிவிடுகிறேன், அம்மா" என்றார் தணிகாசலம். அவசரமாகச் சொன்னார். "நாங்கள் திரும்பிப் போனதும் முதல் வேலை அதுதான்."

"படம் மாறியதும் நானே ஆபீசுக்குக் கொண்டுவருகிறேன்" என்றார் ஆசிரியர். "பிழை எங்களுடையது என்று எழுதியும் தருகிறேன்."

"பிழை யாரோடதா இருந்தா என்னம்மா. எடத்த மேடாக் குடுக்கச் சொல்லுங்க."

"சொல்கிறேன்."

தணிகாசலம் திரும்பிச்செல்ல ஆயத்தமானார். ஆசிரியர் நகரவில்லை. அளவுகோலை அவரிடம் நீட்டினார்.

"இன்னும் அளக்கவில்லையே" என்றார்.

மூவரும் பள்ளத்துள் இறங்கினார்கள். பூங்காவனம் முன்னால் நடந்தாள். "அந்தப் பக்கம் வழுக்கும் சார். லாரி எறங்கற வழியா வாங்க" என்று இருமுறை எச்சரித்தாள். தணிகாசலத்தின் செருப்பு சேற்றில் சிக்கியபோது குனிந்து அதைப் பிடுங்கிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

அடியில் காற்று இல்லை. மேலே இருந்தவர்களின் பேச்சு ஒலி மட்டும் வந்தது. சொற்கள் விளங்கவில்லை.

"இதுதான் வீடு" என்றாள் பூங்காவனம். சில வரிசைக் கற்களும், மூலையில் ஓர் அடுப்பின் அடையாளமும் இருந்தன.

"தொலைபேசியில் பேசியபோது எங்கே நின்றிருந்தாயம்மா?" என்றார் ஆசிரியர்.

"தோ, இந்த அடுப்பு மூலையில. பள்ளத்துக்குள்ள வேற எங்கயும் டவர் கெடைக்காது. இங்கயும் கைய ஒசத்திப் புடிச்சி, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்."

"தணிகாசலம், அங்கே போய் நில்லுங்கள்."

அவர் நின்றார்.

"பள்ளத்தை விளிம்புவரை நிரப்பினீர்கள் அல்லவா? உங்கள் வரைபடத்தின்படி இந்த வீட்டின் தரை எந்த உயரத்தில் இருக்கிறது? கோலைப் பிடித்துக் காட்டுங்கள்."

தணிகாசலம் கோலைச் சேற்றில் ஊன்றினார். முதல் கண்ணியை இழுத்தார். கோல் அவருடைய தோளைக் கடந்தது. அடுத்த கண்ணியை இழுத்தார். அது தலையைக் கடந்து, கூரை இருந்திருக்கக்கூடிய இடத்தையும் கடந்தது. எஞ்சிய கண்ணியையும் இழுத்து, கால் விரல்களை ஊன்றி, கோலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். விளிம்பு இன்னும் உயரத்தில் இருந்தது.

"எட்டவில்லை, அம்மா."

"எட்டியவரை பிடித்திருங்கள்."

பூங்காவனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா அளக்கறாரு?"

"படத்தில் உன் வீட்டுத் தரை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறார்."

"எங்க?"

"அந்தக் கோலின் நுனிக்கும் மேலே."

பூங்காவனம் அண்ணாந்து பார்த்தாள். அங்கே வானம் இருந்தது. அவளையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

"அங்கயா? அங்க யாரு நிப்பாங்க?"

பிறகு சிரிப்பு நின்றது. அவள் அண்ணாந்த முகத்தை இறக்காமலே சொன்னாள்.

"அங்க நின்னிருந்தா அவரு பொழச்சிருப்பாரேம்மா."

கோல் நடுங்கியது. நுனியில் தொடங்கிய நடுக்கம் கீழே இறங்கி வருவதுபோல் தோன்றியது. உண்மையில் அது கீழிருந்தே மேலே சென்றது. ஆசிரியர் அருகில் சென்று, தாமும் ஒரு கையால் கோலைப் பற்றிக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை.

மேலேறி வந்த பின்பு பூங்காவனம் அவர்களைக் கரைவரை கொண்டுவந்து விட்டாள். "நீலம், மறந்துடாதீங்க சார்" என்றாள். தணிகாசலம் கைகூப்பினார். அவள் திரும்பிச் சென்று, தன் தார்ப்பாயின் முன்னால் மீண்டும் முறத்தை எடுத்துக்கொண்டு அமர்வதுவரை அவர் கைகளைப் பிரிக்கவில்லை.

இருவரும் கரைமேல் பாதி தூரம் வந்திருந்தார்கள்.

"அம்மா, இந்தப் பள்ளத்தை வரைபடத்தில் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் தணிகாசலம். "அதன்பிறகு என்னை விடுவித்துவிடுங்கள். இனி நான் வரைபடத்தைத் தொட மாட்டேன்."

ஆசிரியர் நடையை நிறுத்தாமல் கேட்டார். 

"பள்ளங்களை நிரப்பி முடித்ததும் திரையில் ஓர் எண் வருமே. பார்த்தீர்களா?"

"எத்தனை பள்ளங்கள் நிரப்பப்பட்டன என்று காட்டுமே, அந்த எண்ணா?"

"அதுதான்."

"பார்த்தேன். பெரிய எண்." தணிகாசலம் தயங்கினார். "அன்றைக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அம்மா. இவ்வளவு பிழைகளும் ஒரே நொடியில் நீங்கிவிட்டனவே என்று நினைத்தேன்."

"நானும் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் ஆசிரியர்.

ஆறு அவர்களுக்கு இடப்புறத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்ததற்கான அடையாளமே அதில் இல்லை. வலப்புறத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, நிலம் சமமாகத் தெரிந்தது. காலையில் வந்தபோதும் அது அப்படித்தான் தெரிந்தது. தணிகாசலம் நின்று அந்தச் சமவெளியை நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா."

"சொல்லுங்கள்."

"நிரப்பியவற்றுள் எவை பொய்ப்பள்ளங்கள், எவை மெய்யான பள்ளங்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ஆசிரியர் சேறு படிந்த அளவுகோலை அவர் கையில் கொடுத்தார்.

"சூளைக்காட்டுப் பள்ளம் மெய் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்றார்.

தணிகாசலம் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.